பதினான்கு நாள் மாத்திரை இல்லாமல்

காலை மணி 6.52. பயிற்சி மருத்துவர்கள் பை வைக்கும் அறைக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, குளிர்பெட்டியின் மேல் மூடியில்லாமல் நின்ற வெள்ளை மருந்து பாட்டில். புதினா வாசமடிக்கும், சுண்ணாம்புத் தண்ணீர் போன்ற மருந்து. வயிற்றுப் புளிப்புக்குக் கொடுப்பது. முந்தின நாள் மாலை முக்கால்வாசி இருந்தது. இப்போது அடியில் இரண்டு விரல் அளவு.

அந்த பாட்டில் யாருடையதும் அல்ல. யாரோ வெளிக்கடையில் வாங்கி வைப்பார், தீர்ந்தால் அடுத்தவர் வாங்கி வைப்பார். குவளை கிடையாது. மூடியில் ஊற்றிக் குடித்துவிட்டு மூடியைக் குழாயில் அலசி வைக்க வேண்டும் என்பது விதி. யாரும் அலசுவதில்லை. மூடியின் உள்விளிம்பில் வெள்ளையாகக் காய்ந்த படிவம் எப்போதும் இருக்கும்.

மீதியை நான் குடித்தேன். இரண்டு மூடி வந்தது. அன்று வியாழக்கிழமை, மாத்திரையை நிறுத்திய முதல் நாள்.

அதற்கு முந்தைய எட்டு மாதமும் தினம் ஒரு வயிற்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். அமிலம் சுரப்பதையே அடக்கிவிடும் மாத்திரை. யாரும் எழுதித் தந்ததல்ல. எங்களில் யாரும் எழுதி வாங்குவதில்லை. ஊழியர் கிளினிக்கில் பதிந்தால் அட்டை திறப்பார்கள். அட்டை திறந்தால் மருத்துவ விடுப்பு எழுதுவார்கள். விடுப்பு கூடினால் பயிற்சி நீளும். நான்கு மாதத்துக்கு ஒரு துறை, மொத்தம் ஆறு துறை. ஒரு வாரம் பிசகினாலும் கூட வந்தவர்கள் அடுத்த துறைக்குப் போய்விடுவார்கள், நாம் மட்டும் நிற்போம். அதனால் நெஞ்சு எரிந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் "உங்கிட்ட இருக்கா?" என்று கேட்போம். அவர் பையைத் துழாவி ஒரு பட்டையை நீட்டுவார். வைத்தியம் முடிந்தது. எங்கே எரிகிறது, எத்தனை நாளாக, வேறு என்ன மருந்து எடுக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விகளை நாங்கள் நாள் முழுக்க நோயாளிகளிடம் கேட்டுக் களைத்திருப்போம்.

வேலைக் கடிதம் வரும்வரை ஏழு மாதம் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு ஜொகூர் செய்திகள் எழுதியவள் நான். நேரம், இடம், பார்த்தது, சொன்னவர் என்ற வரிசையில் குறிப்பெடுக்கும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. என் உடம்பைப் பற்றி மட்டும் ஒரு வரிகூடக் குறித்துவைக்கவில்லை. பின்னால் யோசித்து எழுதியபோது இப்படி வந்தது: மார்பெலும்புக்குப் பின்னால் எரிச்சல், முதல் துறையின் கடைசி மாதத்திலிருந்து. காலையில் எழுந்ததும் தொண்டையில் புளிப்பு. அதன்பின் குரல் கம்மியது. எடை ஆறு கிலோ குறைந்தது. கடைசியாக, சோறு விழுங்கும்போது நடு நெஞ்சில் நின்று, தண்ணீர் குடித்த பிறகே இறங்கியது.

எரிச்சல் மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். சோறு நின்றதுதான் என்னை உட்காரவிடவில்லை. அது பாடப்புத்தகத்தில் எச்சரிக்கை என்று தனிக் கட்டத்துக்குள் போட்டிருக்கும் அறிகுறி. அதோடு என் அப்பாவுக்கும் அப்படித்தான் நின்றது.

அப்பா சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டிலிருந்து விடிவதற்குள் மோட்டார்சைக்கிளில் கிளம்பிவிடுவார். வெறும் வயிற்றில் பால் சேர்க்காத கோப்பி ஓ, எல்லைப் பாலத்தில் ஒரு மணி நேரப் புகை, மதியம் மூன்று மணிக்குச் சாப்பாடு. ஐந்து வருடம் வயிற்றெரிச்சலை "கேஸ்ட்ரிக்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் மக்களிடம் அந்த ஒரு சொல் போதும். அதற்குப் பிறகு யாரும் எதுவும் விசாரிப்பதில்லை. இரைப்பைப் புற்று என்று தெரிந்தபோது நான் மருத்துவப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. பதினொரு வாரத்தில் போய்விட்டார். வயது ஐம்பத்தொன்று.

அந்த வியாழக்கிழமைக்கு முந்தின நாள், மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது அறுவைச் சிகிச்சைத் துறை நிபுணரிடம் சொன்னேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க மலாய்ப் பெண்மணி. மலாயும் ஆங்கிலமுமாகப் பேசுவார். இங்கே தமிழில் எழுதுகிறேன். அப்பாவைப் பற்றிச் சொன்னதும் மின்தூக்கி வந்தது. அவர் ஏறவில்லை.

"வியாழக்கிழமை ஸ்கோப் பட்டியலில் போடுகிறேன், வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்போம். இரண்டு வாரம் கழித்து. அதுவரை மாத்திரையைத் தொடக்கூடாது."

"ரெண்டு வாரமா, டாக்டர்?"

"மாத்திரை உள்ளே இருந்தால் இரைப்பைக் கிருமி இருந்தாலும் சோதனையில் அகப்படாது. உனக்கே தெரியும். வெள்ளை மருந்து குடித்துக்கொள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்."

எனக்குத் தெரியும்தான். நோயாளிகளுக்கு நானே பலமுறை அதைச் சொல்லியிருக்கிறேன்.

மாத்திரையை நிறுத்தினால், இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அமிலம் முன்பைவிட வேகமாகச் சுரக்கும். மூன்றாம் நாள் அது தொடங்கியது. நிற்க முடிந்தது, நடக்க முடிந்தது, குனிய முடியவில்லை. குனிந்து ஒருவருக்கு ரத்தம் எடுத்தால் தொண்டைவரை நெருப்பாக ஏறும். படுக்கையை உயர்த்தி, முழங்காலிட்டு, முதுகை நேராக வைத்து ரத்தம் எடுக்கப் பழகினேன். ஒரு தாதி பார்த்துவிட்டு, "என்ன டாக்டர், சாமி கும்பிடறீங்களா?" என்றார். நோயாளியும் சிரித்தார்.

உட்கார்ந்தால் எரியும். அதனால் நடந்தேன். அறிக்கைகளை நின்றுகொண்டே எழுதினேன். தொலைபேசியில் பரிசோதனைக் கூடத்தைக் கூப்பிட்டுக் காத்திருக்கும்போது, கம்பி நீளும் தூரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். நான்கு மூடி வெள்ளை மருந்து, ஐந்து மூடி, ஆறு மூடி. இரண்டு பாட்டில் நானே வாங்கி வைத்தேன்.

ஐந்தாம் நாள், திங்கட்கிழமை காலை. பதினேழாம் படுக்கையில் ஒரு லாரி ஓட்டுநர். நெஞ்சுவலி என்று வந்தவர். இதயத்தில் ஒன்றும் இல்லை, அமிலம் மேலேறுவதுதான் என்று முடிவாகிவிட்டது. வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் அறிவுரை சொல்வது பயிற்சி மருத்துவரின் வேலை. தமிழர் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

"அண்ணே, ராத்திரி எத்தன மணிக்கு சாப்பிடுவீங்க?"

"அது லோடு பொறுத்து. ஆயர் ஈத்தாம்ல நிறுத்துவேன். பத்து, பத்தரை. சாப்புட்டு லாரியிலயே சாஞ்சிருவேன்."

"சாப்ட ஒடனே படுக்கக்கூடாது. மூணு மணி நேரம் கழிச்சிதான் படுக்கணும்."

"மூணு மணி நேரம் உக்காந்தா எப்ப தூங்கறது, எப்ப லாரி ஓட்டறது?"

"அப்ப முன்னாடியே சாப்பிட்டுருங்க. பசிய வச்சிகிட்டு மொத்தமா சாப்பிடாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா. கோப்பி கொறைக்கணும். காரம், எண்ணெய் கொறைக்கணும். சிகரெட்?"

"விட்டுட்டேன்." மனைவியைப் பார்த்தார். மனைவி வேறு பக்கம் பார்த்தார். "சரி, கொறைச்சிட்டேன். டாக்டர், ஒண்ணு கேக்கலாமா? நீங்க எப்ப சாப்டீங்க?"

மணி பதினொன்றரை. நான் முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குச் சாப்பிட்டிருந்தேன்.

"காலையில."

"என்னா சாப்டீங்க?"

"அண்ணே, நான் ஒங்கள கேக்கணும், நீங்க என்ன கேக்கக்கூடாது."

"அதுக்கு இல்ல. ஒங்க தொண்டையும் என் தொண்டை மாதிரியே கரகரன்னு இருக்கு. அதான் கேட்டேன்" என்றார். மனைவி அவர் தோளில் ஒரு தட்டு தட்டினார். "டாக்டரையே டெஸ்ட் பண்ணு நீ. போ, பைய எடு."

அன்று மதியம் எங்கள் அறையில் வாசலருகே நின்று பார்த்தேன். ஓட்டுநருக்குச் சொன்ன பட்டியல் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு சீனப் பெண், இரண்டாவது டின் காப்பியைத் திறந்தபடி, காலையிலிருந்து இதுதான் உணவு என்றாள். ஒருவர் மூன்று நிமிடத்தில் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை முடித்து, தரையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். பத்து நிமிடம் கிடைத்தால் படுத்துவிடுவது எங்கள் வழக்கம். உண்ட மயக்கத்தை வீணாக்கக்கூடாது என்பார்கள். வாசற்படியில் சாய்ந்து நின்று, பிளாஸ்டிக் கரண்டியால் பிரியாணி அள்ளிக்கொண்டிருந்தவன் என் துறைத் தோழன். பொந்தியானில் அவனுடைய குடும்பம் சாப்பாட்டுக் கடை நடத்துகிறது. தாத்தா காலத்தில் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரிலிருந்து வந்தவர்கள். வாரம் ஒருமுறை வீட்டிலிருந்து எல்லாருக்கும் சாப்பாடு கொண்டுவருவான்.

"என்னா லா, போலீஸ் மாதிரி நிக்கிற? வா, ஆட்டுக்கறி இருக்கு."

"வேணாம்."

"ஒரு வாரமா வேணாம் வேணாம்ங்கிற. எங்க வீட்டு பிரியாணிய வேணாம்னு சொன்ன மொத ஆளு நீதான். எங்கம்மா கேட்டா அழுதுருவாங்க."

"வயிறு சரியில்ல."

"கேஸ்ட்ரிக்கா? இரு." கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு சட்டைப் பையில் கைவிட்டு மாத்திரைப் பட்டையை எடுத்தான்.

"வேணாம். என்கிட்ட இருக்கு" என்றேன்.

அவனிடம் உண்மையைச் சொல்லவில்லை. ஸ்கோப் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறையில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். "என்கிட்ட இருக்கு" என்பது எளிதாக இருந்தது. ஏழு நாள் கழித்து என்ன நடந்தது என்பதற்கு அந்தப் பதிலும் காரணம். அதை எழுதாமல் விட்டால் இது சரியான பதிவாகாது.

பதினோராம் நாள் ஞாயிறு, விடுமுறை. அம்மா பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அன்று அவருக்கும் ஓய்வு. போர்வை மாற்ற என் அறைக்குள் போனவர் அங்கிருந்தே கூப்பிட்டார்.

"ஏய், இங்க வா. இது என்னா?"

கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டும் தடித்த பாடப்புத்தகங்களின் மேல் நின்றன. தலைப்பக்கம் உயர்ந்தால் அமிலம் ஏறாது என்பதற்காக வைத்தது.

"தலை கொஞ்சம் ஒசந்து இருந்தா நல்லா தூக்கம் வரும்மா."

"ஐந்நூறு வெள்ளி புஸ்தகம். இத வாங்க உங்கப்பா ஓவர்டைம் பாத்தாரு. நீ கட்டிலுக்கு முட்டு குடுத்து வச்சிருக்க."

"அத படிச்சி முடிச்சாச்சி."

"படிச்சி முடிச்ச மூஞ்சியா இது? எத்தன கிலோ இருக்க இப்ப?"

"வேலை, அம்மா. எல்லாரும் இப்படித்தான் எளைக்கிறாங்க."

அம்மா கட்டிலில் உட்கார்ந்தார். கால்மாடு பள்ளம் என்பதால் மெல்ல வழுக்கினார். சிரிக்கவில்லை. "கேஸ்ட்ரிக்கா?" என்று கேட்டார்.

"இல்ல."

அதோடு விட்டுவிட்டார். மதியம் குழம்பில் மிளகாய் இல்லை. இரண்டு முறை சோறு நெஞ்சில் நின்றது. இரண்டு முறையும் தொலைக்காட்சியைப் பார்ப்பது போலத் திரும்பித் தண்ணீர் குடித்தேன். எதிர்ப்பக்கம் அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை. ஸ்கோப்புக்கு மூன்று நாள் இருந்தது. காலை ரவுண்ட்ஸில், நிபுணர் ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோதே வாயில் தண்ணீர் ஊறியது. நான் வெளியே போனேன். சிகிச்சை அறைத் தொட்டியில் வாந்தி. வெறும் புளித்த தண்ணீர். நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல வலி. கட்டிலில் ஏறிப் படுத்தேன். படுத்ததும் இன்னும் மோசம்.

பொந்தியான்காரன் பின்னாலேயே வந்துவிட்டான். நல்ல மருத்துவன் செய்ய வேண்டியதைத்தான் முதலில் செய்தான். தாதியைக் கூப்பிட்டு இதயத்துடிப்புப் படம் எடுத்தான். காகிதத்தை இரண்டு முறை பார்த்தான்.

"ஹார்ட் ஓகே. கேஸ்ட்ரிக்தான். கைய குடு."

"வாந்திக்கு மட்டும் போடு" என்றேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. கையில் ஊசி ஏறியது தெரிந்தது. மருந்துத் தட்டில் கண்ணாடிக் குப்பி ஒன்று உடைபடும் சத்தம். சிறிது நேரம் கழித்து இன்னொரு மருந்து கைக்குள் குளிர்ந்து போனது. பத்து நிமிடத்தில் நெஞ்சு லேசானது. பன்னிரண்டு நாளில் முதல்முறையாக மூச்சை முழுதாக இழுத்தேன்.

"பாத்தியா?" என்றான். "ரெண்டும் போட்டா ஒடனே கேக்கும்."

"எது ரெண்டும்?"

"வாந்திக்கு ஒண்ணு. ஆசிடுக்கு ஒண்ணு." மருந்தின் பெயரைச் சொன்னான். நான் எட்டு மாதம் விழுங்கிய மாத்திரையின் ஊசி வடிவம். தட்டில் காலிக் குப்பி கிடந்தது. அதன் சிட்டையை நான் இரண்டு முறை படித்தேன்.

"எனக்கு வியாழக்கிழமை ஸ்கோப்."

"என்னாது?"

"ரெண்டு வாரமா அத நிறுத்தி வச்சிருந்தேன்."

அவன் முகத்தில் நிறம் போனது. "அலமாக். ஏன் லா சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

காலிக் குப்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். வார்டில் எந்தப் படுக்கைக்காரராக இருந்தாலும் கேட்டிருப்பான். எந்த நோயாளிக்கும் ஊசி போடுமுன், என்ன மருந்து எடுக்கிறீர்கள், யாராவது எதையாவது நிறுத்தச் சொன்னார்களா என்று கேட்காமல் விட்டதே இல்லை அவன். துறையில் மிகக் கவனமானவன் என்று பெயர் வாங்கியவன். நான் நோயாளி இல்லை என்பதால் கேட்கவில்லை. நானும் நோயாளியாக இல்லாததால் சொல்லவில்லை.

"நான் போயி மேடம்கிட்ட சொல்றேன்" என்றான்.

"நானே சொல்லிக்கிறேன்."

கடைசியில் இருவரும் போனோம். எனக்கு நாள் குறித்த நிபுணர் அறுவை அறை வாசலில் நின்று கேட்டார். முதலில் அவனைப் பார்த்தார், பிறகு என்னை.

"ஒரே ஒரு ஊசிதான், டாக்டர்" என்றேன். "வியாழக்கிழமையே பார்த்துவிடலாமே?"

"பார்க்கலாம். கிருமி இல்லை என்று வந்தால் நீ நம்புவாயா?"

யோசித்தேன். "மாட்டேன்."

"உன் அப்பா விஷயம் இருப்பதால்தான் நான் இத்தனை கண்டிப்பாக இருக்கிறேன். இன்றிலிருந்து மறுபடி எண்ணு. வியாழக்கிழமைகளில்தான் எனக்குப் பட்டியல். பதினேழு நாள் கழித்து வா." அப்புறம் அவனிடம்: "நீ எத்தனை மாதமாக இதே மருந்தை எடுக்கிறாய்?"

"நாலு மாசம், டாக்டர்" என்றான். அவர் கேட்டிருக்காவிட்டால் எனக்கு அது தெரிந்திருக்காது.

பதினேழு நாள் என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை நான் எலும்பு முறிவுத் துறைக்கு மாற வேண்டும். புதுத் துறையில் முதல் இரண்டு வாரம் டேக்கிங்: காலை ஏழிலிருந்து இரவு பத்துவரை, ஒரு நாளும் விடாமல், ஒரு மூத்தவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு வேலை பழகுவது. டேக்கிங்கில் விடுப்பு கேட்பதில்லை. காய்ச்சலோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முழங்கால் வீங்கி, கைத்தடியோடு ஒருவர் வந்ததையும் பார்த்திருக்கிறேன். என் ஸ்கோப் நாள் டேக்கிங்கின் பதினோராம் நாள்.

அந்த ஒரு வாரம் மனசுக்குள் பேரம் பேசினேன். இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் டேக்கிங் முடிந்துவிடும். அப்போது வேலைக்கு ஆள் குறையும். இன்னும் இரண்டு வாரம். பிறகு மதிப்பீடு. ஒவ்வொரு காரணமும் தனித்தனியாக நியாயமாகவே இருந்தது. அப்பாவிடமும் இப்படித்தான் காரணங்கள் இருந்தன: வருடக் கடைசி ஓவர்டைம், என் தேர்வு, புது முதலாளி. அவர் சொன்ன வரிசையே எனக்கு நினைவிருந்தது.

துறை மாறிய முதல் நாள், காலை 7.05க்கு, பயிற்சி மருத்துவர்களைக் கவனிக்கும் அதிகாரியிடம் போனேன். என்னைவிட நான்கைந்து வயதே மூத்தவர், தமிழர். மேசையில் பாதி கடித்த ரொட்டி.

"சார், அடுத்த வாரம் வியாழக்கிழமை எனக்கு ஒரு நாள் வேணும்."

"டேக்கிங்ல? மொத நாளே லீவா? நல்ல சகுனம்தான்."

"ஸ்கோப், சார்."

"யாருக்கு, பாட்டிக்கா?"

"எனக்கு."

ரொட்டியை வைத்தார். "கேஸ்ட்ரிக்குக்கெல்லாம் ஸ்கோப் போட்டா இந்த ஆஸ்பத்திரில பாதி பேரு படுத்துகிட்டு இருக்கணும். எனக்கே இருக்கு."

"சோறு எறங்க மாட்டேங்குது, சார்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அட்டவணையை இழுத்து வியாழக்கிழமையில் கோடு போட்டார். "ஒரு நாள் விட்டா டேக்கிங் ஒரு வாரம் நீளும். ரூல் அது. நான் மாத்த முடியாது. உன் பேட்ச் முடிச்சிட்டு போயிருவாங்க."

"தெரியும், சார்."

"சரி. போ. பத்தாம் படுக்கைக்கு கட்டு மாத்தணும்."

மயக்க மருந்து கொடுத்துப் பார்ப்பதால், வீட்டுக்குக் கூட்டிப்போக ஒருவர் வர வேண்டும் என்பது நிபந்தனை. பொந்தியான்காரன் வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். ஸ்கோப்புக்கு முந்தின நாள், புதன் இரவு, இரண்டு மணி நேரம் முன்னதாக விட்டார்கள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்: நாளைக்கு, ஸ்கோப், காலை எட்டு மணி.

மடித்த சட்டையை மறுபடி மடித்தார். "எத்தன மாசமா?"

"ஒம்பது ஆகப்போகுது."

"சோறு நிக்குதா?"

"ம்."

"எனக்கு தெரியும். அன்னிக்கி தண்ணி குடிச்சல்ல, தெரியும்." சட்டையை அடுக்கின் மேல் வைத்தார். "கேட்டா இல்லன்னு சொன்ன."

"நீங்க திருப்பி கேக்கல."

"கேட்டா இருக்குன்னு சொல்லிருவியோன்னுதான்" என்றார்.

வியாழக்கிழமை காலை 8.20க்குத் தொண்டையில் மருந்து அடித்தார்கள். வாழைப்பழ வாசனையும் கசப்புமாக இருந்தது. இடப்பக்கமாகப் படுக்கச் சொன்னார்கள். எத்தனையோ பேரை நான் அப்படிப் படுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த மெத்தை இவ்வளவு குளிரும் என்று தெரியாது. திரை என் தலைக்குப் பின்னால் இருந்தது. நிபுணரின் கண்களைத்தான் பார்க்க முடிந்தது. அவை ஓர் இடத்தில் நின்றனவா என்று கவனித்தேன். அதற்குள் மருந்து ஏறிவிட்டது.

விழித்தபோது அம்மா காலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரவு ஷிப்டு முடித்து நேராக வந்தவர், தொழிற்சாலைச் சீருடையை மாற்றவில்லை. நிபுணர் வந்து, அவருக்கும் புரியும்படி மலாயில் சொன்னார்.

உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி புண்ணாகி வீங்கியிருக்கிறது. சோறு நிற்பது அதனால். இரைப்பையில் கட்டி எதுவும் கண்ணில் படவில்லை. ஆறு இடத்தில் சதை எடுத்திருக்கிறது. கிருமிச் சோதனையில் நிறம் மாறிவிட்டது, கிருமி இருக்கிறது.

"இரண்டும் வேறு வேறு விஷயம்" என்றார். "அமிலம் மேலே வருவது நீ வாழ்கிற விதத்தால். சாப்பிடும் நேரம், தூங்கும் நேரம், காப்பி. அதற்கு நான் மருந்து தரலாம், நேரம் தர முடியாது. கிருமி அப்படியல்ல. அது பெரும்பாலும் சின்ன வயதில் ஒட்டுவது, ஒரே வீட்டில் இருப்பவர்களிடமிருந்து. வருடக்கணக்கில் சும்மா இருக்கும். சிலருக்குப் பிற்காலத்தில் புற்றாக மாறும்." அம்மாவைப் பார்த்தார். "உங்கள் கணவருக்கு இந்தக் கிருமி இருந்ததா என்று சோதித்தார்களா?"

அம்மா என்னைப் பார்த்தார். "அப்ப பாத்த டாக்டருங்க ஏதும் சொன்னாங்களா?" என்று தமிழில் கேட்டார்.

அப்பாவின் மருத்துவக் கோப்பை நான் பிற்பாடு முழுக்கப் படித்திருக்கிறேன். அதில் கிருமிச் சோதனைக்கான இடம் நிரப்பப்படவில்லை.

"தெரியல" என்றேன்.

சதை அறிக்கை ஒரு வாரம் கழித்து வந்தது. டேக்கிங்கின் நீட்டித்த வாரத்தில், மாவுக்கட்டு அறையில், கையில் ஈர மாவோடு கணினியில் திறந்து படித்தேன். புற்று அணுக்கள் இல்லை. மூன்று முறை படித்தேன். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒருமுறை. பிறகு பொந்தியான்காரனுக்குச் செய்தி அனுப்பினேன். ஊழியர் கிளினிக்கிலிருந்து அவன் பதில் மூன்று சொல்: "நானும் பதிஞ்சிட்டேன் லா."

கிருமி உண்டா என்று பார்க்க அம்மாவுக்கு மூச்சுப் பரிசோதனை எழுதி வாங்கினேன். ஒரு திரவத்தைக் குடித்துவிட்டுப் பைக்குள் ஊத வேண்டும், அவ்வளவுதான். "பலூன் ஊதறதுக்கு லீவு போடணுமா?" என்று முனகினார். ஆனாலும் முந்தின நாள் இரவிலிருந்து எதுவும் சாப்பிடாமல், சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

முடிவு அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மாவுக்கும் அதே கிருமி இருந்தது.